வாடா மாலை தொடுத்த வீரமாமுனிவர்



யூபிலி நினைவாக வெளிவரும் இம்மலருக்கு, நம் பகுதியில் விசுவாசத்தை வளர்த்த பெரியவர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தர வேண்டுமென மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். யாரைப் பற்றி எழுதுவது என்று நாம் அதிகம் யோசிக்கவில்லை. நம் கோவில் சக்கிறீஸ்து அறையில், பழைய அலமாரிக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் தொங்கும் நெட்டி மாலையே அவரை நமக்கு நினைவூட்டியது. அந்த மாலையின் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். அதில் நம்முடைய குற்றமும் ஒன்று இருக்கிறது.

நாம் இப்பங்கிற்கு வந்த முதல் ஆண்டு, மார்ச்சு 19ஆம் நாள் புனித சூசையப்பர் திருநாளன்று சப்பரம் ஜோடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. நம் பங்கைச் சேர்ந்த வயதான தாய் ஒருவர் தம் கையால் செய்த நெட்டி மாலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். முழுவதும் வெண்ணிற லீலி மலர்கள். நாமோ பட்டணத்திலிருந்து பளபளப்பான பிளாஸ்டிக் மாலைகளை முன்பே வாங்கி வைத்திருந்தோம். சப்பரம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தில், அந்தத் தாயின் மாலையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, வாங்கி வந்த மாலைகளையே சுரூபத்திற்குச் சாத்தச் சொன்னோம். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. பவனி முடியும் வரை செபமாலையை உருட்டிக்கொண்டு சப்பரத்தின் பின்னே நடந்து வந்தார். மறு ஆண்டு அலமாரியைத் திறந்தபோது பிளாஸ்டிக் மாலைகள் வெளிறி, பிசுபிசுத்து, தூசு படிந்து கிடந்தன. நெட்டி மாலை மட்டும் செய்த நாளில் இருந்தது போலவே வெள்ளையாக இருந்தது. அதைக் கையில் எடுத்தபோதுதான், வாடாத மாலை என்று பெயர் பெற்ற ஒரு நூலும், அதைச் சூசையப்பருக்கென்றே தொடுத்த ஒரு துறவியும் நம் நினைவுக்கு வந்தார்கள். நம் உடையார்பாளையம் சீமைக்கு அண்டைச் சீமையான அரியலூர்ச் சீமையில், கொள்ளிடத்திற்கு வடக்கே உள்ள ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து உழைத்த வீரமாமுனிவரே அவர்.

பிறப்பும் அழைப்பும்

இத்தாலி நாட்டில் மாந்துவா நகரை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஒரு குழந்தை பிறந்தது. கொன்ஸ்தான்சோ ஜுசேப்பே பெஸ்கி என்பது அதன் பெயர். ஜுசேப்பே என்றால் சூசை. ஆகவே நம் கவிஞர் பிறந்தபோதே சூசையப்பரின் பெயரைத் தாங்கியவர். இளைஞர்களின் பாதுகாவலராகிய புனித ஞானப்பிரகாசியார் 1568இல் பிறந்ததும் இதே ஊரில்தான். அந்தப் புனிதர் சேர்ந்த சேசு சபையிலேயே பெஸ்கியும் 1698இல் சேர்ந்தார். இலக்கணம், தத்துவ சாஸ்திரம், தேவ சாஸ்திரம் ஆகியவற்றைக் கற்று, 1709இல் குருப்பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் மதுரை மிஷன் என்ற பெயர் ஐரோப்பாவில் இளங்குருக்களின் உள்ளத்தைத் தொட்ட பெயராய் இருந்தது. தத்துவ போதகர் என்று நாம் வணங்கும் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்து, காவியுடுத்தி, தமிழ் கற்று, தமிழருக்குத் தமிழராய் வாழத் தொடங்கிய மிஷன் அது. புனித அருளானந்தர் 1693இல் ஓரியூர் மணலில் இரத்தம் சிந்தியதும் அதே மிஷனுக்காகத்தான். தாயகத்தைத் திரும்பப் பார்ப்போம் என்ற நம்பிக்கை இல்லாமலே இப்பணிக்குக் கப்பல் ஏறினார்கள். பெஸ்கியும் அவ்வாறே புறப்பட்டு, 1710இல் கோவாவில் கரையிறங்கி, மறு ஆண்டு தமிழகம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 30. அதன்பின் தாம் பிறந்த மண்ணை அவர் மிதிக்கவேயில்லை.

பூத்தொடுக்கக் கற்றவர் போலத் தமிழ் கற்றார்

பூக்கட்டும் வீட்டில் பிறந்த பெண்பிள்ளை முதலில் என்ன கற்றுக்கொள்கிறாள்? எந்தப் பூவை எந்தப் பூவோடு சேர்ப்பது, காம்பை எப்படிப் பிடிப்பது, நாரை எங்கே முடிச்சிடுவது, அடர்த்தியாகத் தொடுப்பதா நெகிழ்த்தித் தொடுப்பதா என்பவைதானே! நம் முன்னோர் கவிதைக் கலையையும் இப்படியே பார்த்தார்கள். எதுகை, மோனை முதலியவற்றிற்கு அவர்கள் இட்ட பெயர் தொடை. தொடுத்தல் என்ற சொல்லின் உறவுதான் அது. பாக்களைத் தொகுத்தால் பாமாலை; ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகும்படி முடிச்சிட்டால் அந்தாதி; பல பூ கலந்த மாலை போலப் பல பாவகை கலந்தால் கலம்பகம். தமிழில் கவி பாடுகிறவனும் பூக்கட்டுகிறவனும் ஒரே தொழிலாளிகள்.

இந்த உண்மையை முப்பது வயதுக்கு மேல் தமிழ் அரிச்சுவடியைக் கையிலெடுத்த ஓர் இத்தாலியர் உணர்ந்துகொண்டார் என்பதுதான் வியப்பு. தம் தாய்மொழியோடு லத்தீன் முதலிய மொழிகளை அறிந்திருந்த அவர், மணலில் விரலால் எழுதும் சிறு பிள்ளையைப் போலத் தமிழைத் தொடங்கினார். சுப்பிரதீபக் கவிராயர் என்பவரிடம் பாடம் கேட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பேசப் பழகியதோடு அவர் நிற்கவில்லை. திருக்குறளையும் சிந்தாமணியையும் கம்பருடைய காவியத்தையும் தேடிப் படித்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீன் மொழியில் பெயர்த்தார். முதலில் தைரியநாதர் என்று அழைக்கப்பட்டவரைத் தமிழ் மக்களே பின்னர் வீரமாமுனிவர் என்று போற்றினர்.

இந்தக் கல்வி சுகமான சூழ்நிலையில் கிடைத்ததல்ல. பாளையக்காரர் சண்டை, பஞ்சம், மறைத்துன்பம் ஆகிய மூன்றுக்கும் நடுவே மிஷன் குருக்கள் ஊர் ஊராய் நடந்தார்கள். வந்த சில ஆண்டுகளிலேயே முனிவர் சிறைப்பட்டு, உயிருக்கே ஆபத்து நேர்ந்து, பின் விடுதலை பெற்றார். அப்படி உயிர் தப்பியவர் முன்னிலும் ஊக்கமாகப் பணியைத் தொடர்ந்தார்.

அடைக்கலம் தந்த ஊர்

தஞ்சை மன்னர் ஆட்சியில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது, பல குடும்பங்கள் கொள்ளிடத்தைக் கடந்து வடகரைக்கு வந்தன. ஆற்றுக்கு இக்கரை அரியலூர் மழவராயரின் ஆட்சி. இப்படி ஓடி வந்தவர்களுக்கு நிழல் கொடுத்த ஊர்களில் ஏலாக்குறிச்சி முக்கியமானது. முனிவர் அங்கே தேவதாய்க்கு ஆலயம் எழுப்பி, அவரை அடைக்கல மாதா என்று அழைத்தார். காவல் தரும் ஊர் என்னும் பொருளில் ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டினார். வீடு வாசலை விட்டு, அடுப்புச் சாம்பல் ஆறுமுன் ஓடிவந்த ஏழைகளுக்கு இந்த இரண்டு பெயர்களும் வெறும் பெயர்களாக இருந்திரா என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அரியலூர் அரசர் அரங்கப்ப மழவராயர் ராஜபிளவையால் வருந்தியபோது, முனிவர் மாதாவை வேண்டி மருந்திட்டுக் குணமாக்கினார் என்றும், அதற்கு நன்றியாக அரசர் ஆலயத்திற்கு நிலம் வழங்கினார் என்றும் ஏலாக்குறிச்சித் திருத்தல மரபு சொல்லுகிறது. நம் பங்கு மக்களில் பலர் ஆண்டுதோறும் அத்திருத்தலத்துக்குப் போய் வருகிறவர்கள். அடுத்த முறை போகும்போது, அந்த மண்ணில் நம் முனிவர் நடந்தார், அங்கே ஏட்டில் எழுத்தாணி பிடித்தார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தேம்பாவணி என்னும் மாலை

1726ஆம் ஆண்டு, தமிழகம் வந்து 15 ஆண்டுகள் ஆனபோது, வீரமாமுனிவர் தேம்பாவணியைப் பாடி முடித்தார். திருக்காவலூரில் தங்கியிருந்த காலத்தில் இதை இயற்றினார் என்பது வழக்கு. 3 காண்டங்கள், 36 படலங்கள், 3,615 பாடல்கள். சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு இவ்வளவு பெரிய காவியத்தைத் தந்த பெருமை நம் மொழிக்கு உண்டு. புனித சூசையப்பரைத் திருச்சபை முழுவதற்கும் பாதுகாவலராகப் பாப்பு 9ஆம் பத்திநாதர் அறிவித்தது 1870இல். அதற்கு 144 ஆண்டுகளுக்கு முன்பே கொள்ளிடக்கரையில் அவருக்கு மாலை தயாராகிவிட்டது.

தேம்பாவணி என்ற பெயரை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். தேம்பா அணி என்று பிரித்தால் வாடாத மாலை. தேன் பா அணி என்று பிரித்தால் தேன் போன்ற பாக்களால் ஆகிய அணி. வாடாமையும் தேனும் ஒரே பெயருக்குள் இருக்கின்றன. பூவில் இருக்க வேண்டியவை இவ்விரண்டும்தானே!

இந்த மாலையில் முனிவர் எந்தப் பூக்களைத் தொடுத்தார் என்று பாருங்கள். கதை யூதேயா நாட்டுக் கதை. ஆனால் நாட்டுப் படலத்தில் நாம் காண்பது மழை பொழிந்து, ஆறு பெருகி, வயல் விளைந்து, தாமரை மலர்ந்த தமிழ்நாட்டு மருதநிலம். எருசலேமுக்கும் நாசரேத்துக்கும் நம் ஊர் ஏரியையும் நெல்வயலையும் கொடுத்தார். நம்மவர் தம் கண்ணால் கண்ட பூவைக்கொண்டே தாம் காணாத தேசத்தை அறிய வேண்டும் என்பது அவர் எண்ணம். தலைவரின் பெயரையும் அப்படியே தமிழாக்கினார். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் பெருக்கம் என்று பொருள். ஆகவே அவரை வளன் என்றார்.

திருமணப் படலத்தில் நம் சூசையப்பர் சுரூபத்தின் பொருள் விளங்குகிறது. மரியன்னைக்கு ஏற்ற துணைவரைத் தெரிந்தெடுக்க, தாவீது குலத்து இளைஞர் கைக்கோலுடன் ஆலயத்தில் கூடுகிறார்கள். கன்னிமை காப்பதாக நேர்ந்துகொண்ட வளனும் அங்கே நிற்கிறார். மற்றவர் கோல்கள் கோலாகவே இருக்க, அவர் கையிலிருந்த உலர்ந்த கோல் மட்டும் வெண்மலர் பூக்கிறது. இச்செய்தி சுவிசேஷங்களில் இல்லை; பழைய பக்தி மரபில் வந்தது. ஆனால் இதன் வேர் வேதாகமத்தில் இருக்கிறது. எண்ணாகமம் 17ஆம் அதிகாரத்தில், பன்னிரண்டு கோத்திரங்களின் கோல்களுள் ஆரோனுடைய கோல் மட்டும் ஒரே இரவில் துளிர்த்துப் பூத்து வாதுமைக் காய் காய்த்ததை வாசிக்கிறோம்.

சூசையப்பர் சுரூபத்தின் கையில் லீலி எதற்கு என்று நம் ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகள் கேட்பதுண்டு. தூய்மைக்கு அடையாளம் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அது சரியே, ஆனால் அதோடு முடியவில்லை. அந்தப் பூ செடியில் பூத்ததல்ல. வேரற்ற, ஈரமற்ற, தச்சர் கையில் வேலைக்கு உதவும் வெறும் மரத்தில் பூத்தது. தன்னிடம் ஒன்றுமில்லை என்று ஒதுங்கி நிற்கிற மனிதனிடத்திலும் கடவுள் மலர்ச்சியைத் தருகிறார் என்பதே அதன் முழுப் பொருள். சுவிசேஷத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாத சூசையப்பருக்கு 3,615 பாடல்கள் கிடைத்ததும் அப்படிப்பட்ட மலர்ச்சிதான்.

காவியத்தின் கடைசிப் படலம் முடிசூட்டுப் படலம். சேசுவும் மரியாயும் அருகிருக்க நல்மரணம் அடைந்த தச்சர், விண்ணகத்தில் முடிசூட்டப்படுகிறார். மண்ணில் ஒரு கோலில் பூத்த பூவில் தொடங்கிய பெருமை அங்கே முடியாக நிறைவு பெறுகிறது.

மற்றும் சில மாலைகள்

முனிவர் தொடுத்தது இந்த ஒரு மாலை மட்டுமல்ல. அடைக்கல அன்னைக்குத் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். வண்ணம் வண்ணமாகப் பல பூக்களைக் கலந்து கட்டிய மாலை அது. சிலுவையடியில் வியாகுலமுற்று நின்ற தாய்க்கு அன்னை அழுங்கல் அந்தாதி பாடினார். முடிவும் தொடக்கமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் அந்தாதி, அழுகையின் இயல்புக்கே பொருத்தமானது. துக்க வீட்டில் ஒரு தாயின் ஒப்பாரி எங்கே முடிகிறதோ அங்கிருந்தே மறுபடியும் தொடங்குவதை நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா? புலமை பெறாத எளிய மக்களுக்காகக் கித்தேரியம்மாள் அம்மானையைப் பாடினார். பெண்கள் அம்மானை ஆடிக்கொண்டே பாடும் பாட்டின் வடிவத்தில், கன்னி வேதசாட்சி ஒருவரின் சரித்திரம் அதில் சொல்லப்படுகிறது.

கோணான்குப்பத்தில் அவர் பெரியநாயகி மாதாவுக்குக் கோவில் கட்டினார். அங்குள்ள சுரூபம் தமிழ்ப் பெண்ணைப் போலச் சேலை உடுத்தியது. முனிவர் தாம் விரும்பிய கோலத்தில் ஒரு படம் எழுதுவித்து, அதைக் கடல் கடந்து மணிலாவுக்கு அனுப்பிச் சுரூபம் செய்வித்தார் என்பது அத்தலத்தின் மரபு. சேசுவின் தாயை நம் வீட்டுத் தாயாக நம் மக்கள் காண வேண்டும் என்பதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டார்! பாட்டில் செய்ததையே சுரூபத்திலும் செய்தார்.

மொழிக்குச் செய்த தொண்டு

1732இல் அவர் சதுரகராதியை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளை உடையது அது. பழைய நிகண்டுகளைப் பாட்டாக மனப்பாடம் செய்தவர்களே சொற்பொருள் அறிய முடியும் என்றிருந்த நிலை மாறி, அகர வரிசையில் எவரும் தேடலாம் என்றாயிற்று. இன்று பள்ளிப் பிள்ளை அகராதியைப் புரட்டும்போது, அந்த வழியைச் செப்பனிட்ட கை ஒரு கத்தோலிக்கக் குருவின் கை என்பதை அறிந்தால் நல்லது. நான்காம் பகுதியாகிய தொடையகராதி, எதுகையாக வரும் சொற்களைத் திரட்டித் தருகிறது. மாலை தொடுக்க வருகிறவர்களுக்குப் பூக்கூடையைப் பிரித்து அடுக்கி வைத்தது போன்ற வேலை!

எ, ஏ என்னும் எழுத்துகளுக்கும் ஒ, ஓ என்னும் எழுத்துகளுக்கும் வேறுபாடு தெளிவாகும்படி வடிவம் திருத்தினார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஐந்தையும் சொல்லும் தொன்னூல் விளக்கம் இயற்றினார். செந்தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் தனித்தனியே லத்தீனில் இலக்கணம் எழுதினார். பரமார்த்த குரு கதையால் உரைநடையில் நகைச்சுவையை வளர்த்தார். உபதேசியார்களுக்காக வேதியர் ஒழுக்கம் எழுதினார்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு குறையையும் மறைக்கக் கூடாது. தரங்கம்பாடியிலிருந்து போதித்த லுத்தரன் சபையாரோடு அவர் வாதிட்ட நூல்களில் கடுமை உண்டு. அது அக்காலத்தின் வழக்கம். இரு பக்கமும் அப்படியே எழுதினார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் வாழும் நாம் பிரிந்த சகோதரரிடம் அம்முறையில் பேசுவதில்லை, பேசவும் கூடாது. தேம்பாவணி அந்நியர் ஒருவரால் பாடப்பட்டிருக்க முடியாது, அவருடைய தமிழாசிரியரே பாடியிருப்பார் என்று சொன்னவர்களும் உண்டு. அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. ஒரு விதத்தில் அச்சந்தேகமும் முனிவருக்குப் புகழ்தான். மாலையைப் பார்த்தவர்கள் இது வெளியூர்க் கைவேலை என்று கண்டுபிடிக்க முடியாதபடி தொடுத்திருக்கிறார் என்பதே அதன் பொருள்.

இறுதிக் காலம்

1741இல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றினர். முனிவருக்கு ஆதரவாயிருந்த சந்தா சாகிபு சிறைப்பட்டார். நாடு முழுவதும் கலகம். முனிவர் தாம் வளர்த்த திருக்காவலூரை விட்டுத் தெற்கே சென்றார். கடைசியாகக் கேரளத்தில் அம்பலக்காடு என்னும் ஊரில் 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஆண்டவரில் துயில் கொண்டார். அப்போது அவருக்கு வயது 66. அகதிகளுக்கு அடைக்கலம் தந்தவர், தாமே அடைக்கலம் தேடிச் சென்ற இடத்தில் உயிர் விட்டார்.

அவர் மறைந்தபோது தேம்பாவணி ஓலையிலும் கையெழுத்துப் பிரதியிலும் மட்டுமே இருந்தது. சதுரகராதி சென்னையில் 1824இல் அச்சேறியது. தேம்பாவணி புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் 1851 முதல் 1853 வரை மூன்று பாகமாக வெளிவந்தது. இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் எத்தனையோ பெயரறியாத கைகள் அந்த மாலையைப் படி எடுத்துக் காப்பாற்றின. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் தமிழ்ப் பெரியோருக்குச் சிலைகள் எழுந்தபோது, வள்ளுவர், கம்பர் வரிசையில் வீரமாமுனிவருக்கும் சிலை வைத்தார்கள்.

மறுபடியும் அந்த நெட்டி மாலை

நெட்டி என்பது குளங்குட்டைகளில் வளரும் செடி. அதன் தண்டை வெட்டி, உலர்த்தி, மேல்தோலைச் சீவினால் உள்ளே பஞ்சு போன்ற வெண்மையான பகுதி தெரியும். அதைக் கூரிய கத்தியால் மெல்லிய ஏடாகச் சீவி, இதழாக நறுக்கி, நூலில் கோத்து மாலையாக்குவார்கள். மாட்டுப் பொங்கலுக்கு நம் மாடுகளின் கழுத்தில் கட்டுகிற மாலையும் அதுவே. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பக்கத்து அரும்பாவூர் மரச்சிற்பத்திற்கும் அதே ஆண்டில்தான் கிடைத்தது. மரவேலையும் பூவேலையும் சேர்ந்து பெருமை பெற்றதைக் கண்டு நாசரேத்துத் தச்சர் மகிழ்ந்திருப்பார் என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

உலர்ந்த தண்டு பூவாகிறது. சூசையப்பரின் கோலில் நடந்ததை ஓர் ஏழைத் தாய் தம் கத்தியாலும் நூலாலும் நமக்குக் காட்டியிருக்கிறார். கோவில் சாமானுக்கு விலை பார்க்கத் தெரிந்த நமக்கு அன்று அதன் பொருள் தெரியவில்லை. தேம்பாவணியைப் பற்றிப் பிரசங்கம் செய்யத் தெரிந்த நாம், தேம்பாவணியே கையில் வந்து சேர்ந்தபோது அலமாரியில் வைத்துவிட்டோம்.

அந்த அம்மாளைத் தேடி அவர் வீட்டிற்குச் சென்றோம். திண்ணையில் அமர்ந்து நம் தவறைச் சொன்னோம். அவர் பதறி எழுந்து, சாமி இப்படியெல்லாம் பேசலாமா என்று நம்மைத் தடுத்துவிட்டு, அந்த மாலை கடும் காய்ச்சலில் கிடந்து பிழைத்த தம் பேரப்பிள்ளைக்காகச் சூசையப்பருக்கு நேர்ந்துகொண்டது என்று மெதுவாகச் சொன்னார். நாற்பது இரவுகள், அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில், ஒரு பூவுக்கு ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லிச் செய்திருக்கிறார். நாம் அன்று ஒதுக்கி வைத்தது ஒரு மாலையை மட்டுமல்ல, ஒரு நேர்ச்சையையே ஒதுக்கினோம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்கு அடுத்த திருநாளில் அந்த மாலையைச் சுரூபத்திற்குச் சாத்தியது அவருடைய கைகள்தாம். இப்போது அவருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. ஆனாலும் சனிக்கிழமை மாலைகளில் பங்குப் பெண்பிள்ளைகள் சிலர் அவர் வீட்டில் அமர்ந்து, அவர் விரலால் தடவிச் சொல்லிக் கொடுக்க, இதழ் நறுக்கப் பழகி வருகிறார்கள்.

யூபிலி விழாவில் சப்பரம் எப்படி ஜோடிக்கப்பட வேண்டும் என்பதில் நம் பங்கில் இரு கருத்துகள் இருந்ததை நாம் அறிவோம். வெளியூரிலிருந்து அலங்காரக்காரரை அழைக்கலாம் என்று சிலர் விரும்பினார்கள். அவர்கள் விருப்பத்தில் தவறில்லை. கோவில் அழகாக இருக்க வேண்டும் என்றே சொன்னார்கள். ஆயினும், ஒவ்வொரு குடும்பமும் தன் கையால் செய்த ஒரு பூவையாவது கொண்டுவர வேண்டும் என்று நாம் கேட்டுக்கொள்கிறோம். நெட்டிப் பூவானாலும் சரி, காகிதப் பூவானாலும் சரி, தறியில் மிஞ்சிய பட்டு நூலில் முடிந்த பூவானாலும் சரி. சில பூக்கள் கோணலாக இருக்கும். இருக்கட்டும். கோணல் பூவும் நேர்ப் பூவும் ஒரே நாரில் சேரும்போதுதான் அது பங்கின் மாலையாகும். பேசாமல் இருக்கும் இரண்டு குடும்பங்களின் பூக்கள் பக்கத்தில் பக்கத்தில் கோக்கப்பட்டால், சூசையப்பருக்கு அதைவிடப் பெரிய ஜோடனை வேண்டியதில்லை.

வீரமாமுனிவர் நமக்கு விட்டுச்சென்ற படிப்பினை இதுவே. தூர தேசத்தில் பிறந்தவர், தம் நாட்டுப் பூவைக் கொண்டுவந்து நம்மிடம் விற்கவில்லை. நம் மண்ணின் பூவையே பொறுமையாகத் தேடி எடுத்து, நம்மிடமே தொடுக்கக் கற்று, நம் சார்பில் இறைவனுக்கும் அவர் அன்னைக்கும் சூசையப்பருக்கும் சாத்தினார். அதனால்தான் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆகியும் அந்த மாலை வாடவில்லை. கையால், நேரம் கொடுத்து, செபத்தோடு செய்யப்படுகிற எதுவும் வாடுவதில்லை. நம் பங்கின் முன்னோர் மண்சுவரும் கீற்றுக் கூரையுமாக எழுப்பிய முதல் கோவிலும் அப்படிப்பட்டதே. அந்தச் சுவர் இன்று இல்லை. அவர்கள் விசுவாசம் நம்மிடம் இருக்கிறது.

அடைக்கல அன்னை உங்கள் இல்லங்களைக் காப்பாராக. புனித சூசையப்பரின் கோலில் மலர் தந்த இறைவன், உலர்ந்து போனதாக நீங்கள் கைவிட்டவற்றிலும் மலர்ச்சியைத் தருவாராக. யூபிலி ஆண்டின் நிறைவான ஆசீரை உங்கள் அனைவருக்கும் தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே வழங்குகிறோம்.

சேசுவின் அன்பில்,
உங்கள் பங்குத் தந்தை